இடப்பக்கம் இழுத்துக் கடிங்க

முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போட்டுவிட்டார்கள். வாய்க்கு மட்டும் ஒரு ஓட்டை. இத்தனை வருஷமாகக் கோயமுத்தூரில் பாதிப் பேர் பல்லுக்குக் கேப் செய்து கொடுத்த கோகிலவாணி இன்றைக்குத் தன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறாள். அதுவும் யாரை மட்டம் தட்ட? வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறானே, அவனை. அந்த இருமலை எந்தச் சந்தையில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். முதலில் ஒரு செருமல், பிறகு வறட்டு இருமல், கடைசியில் யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு 'ம்'. யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் வாயைத் திறக்காத மனுஷன் கேட்காததற்கு 'ம்' போடுவான். திருமூர்த்தி. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தபோது அவளுக்கு மிஞ்சிய சொத்துகளில் ஒன்று, மனசுக்குள் அவனை 'அவன்' என்று சொல்லிக்கொள்ளும் சுகம். வாயால் சொன்னால் இன்னும் 'அவரு' என்றுதான் வந்து தொலைக்கிறது. அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் அவன் சும்மா இருந்திருந்தால் இந்தத் துணிக்கு வேலையே இல்லை. ஊரிலுள்ள பல் லேப்காரர்களெல்லாம் ஓட்டல் ஹாலில் கூடி, வடையும் காபியும் முடித்து, கேப் வார்ப்பதில் எந்த முறை துல்லியம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக் கைக்கு வந்ததும் அவன் எழுந்தான். அவளைப் பார்க்கவில்லை, மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தான். "அவசரத்துல ஊத்துற கேப்பு பிளாஸ்டர் பல்லுல ஜம்முனு சேருமுங். வாயிலதான் சேராதுங்." ஹாலே சிரித்தது. அவசரத்தில் ஊற்றுகிறவள் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவளுக்குக் காது மடல் பற்றி எரிந்தது. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "என்ற கடைவாய்ப் பல்லு ஒண்ணு விரிசல் உட்டுக் கிடக்குதுங். கேப் போட்டே ஆகோணும். நானும் ஒண்ணு ஊத்தறேன், அவரும் ஒண்ணு ஊத்தட்டும். எது என்ற வாயில நிக்குதோ அது ஜெயிச்சுது. தோத்தவங்க அடுத்த கூட்டத்துல இதே மைக்கப் புடிச்சுத் தோத்துட்டேன்னு சொல்லோணும்." சொன்னபோது எவ்வளவு நன்றாக இருந்தது! இப்போது துணிக்கடியில் தன் மூச்சே தனக்குச் சுட, டெட்டால் நாற்றத்தில் கிடக்கும்போதுதான் அந்த வாக்கியத்தின் கனம் தெரிகிறது. தோற்றால் அந்த மைக். அந்த ஃபேன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்து 'ம்' என்பான்.

"நாக்கு தடவி வேவு பாக்கக் கூடாதுங் வாணி" என்று டாக்டர் பாகீரதி ஊசி போட்டு இடப்பக்கம் முழுக்க மரத்துப்போக வைத்திருந்தார். நியாயமான பொம்பளை. ஒரே அச்சிலிருந்து இரண்டு பிளாஸ்டர் பல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். இரண்டு கேப்பும் வந்த பிறகு ரோஸி சிஸ்டர்தான் டப்பாக்களை மாற்றி வைத்தாள். எது யாருடையது என்று இப்போது ரோஸிக்கு மட்டும் தெரியும், டாக்டருக்கே தெரியாது. நாக்கின் பாதி யாரோ விட்டுப்போன செருப்பு மாதிரி வாய்க்குள் கிடந்தது. பழைய தற்காலிக மூடியைப் பெயர்த்து எடுக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. வலிக்கவில்லை. வலிக்காதது எரிச்சலாக இருந்தது, வலித்தால் திட்டலாம். மெழுகு. அவள் விரல்கள் துணிக்கடியில் தானாக மெழுகு உருட்டின. பல்லை மெழுகில் செதுக்கி, இரும்பு வளையத்துக்குள் நிறுத்தி, சுற்றிலும் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் சூளையில் வைத்தால் மெழுகு உருகிப் போய்விடும், பல் இருந்த இடத்தில் பல் வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் உலோகத்தைப் பாய்ச்ச வேண்டும், அவ்வளவுதான் வார்ப்பு, இதற்குத்தான் இத்தனை அடிதடி. உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கப்போகிற அளவுக்கு மாவு முன்னாலேயே விரிந்திருக்க வேண்டும். அவன் முறையில் வளையத்தை ஆறின சூளையில் வைத்து ராத்திரி பூராவும் சிறுகச் சிறுகச் சூடேற்றுவான், காலையில் டார்ச் பிடித்து உலோகத்தை உருக்குவான், ஸ்பிரிங் முறுக்கிய மெஷின் கையைத் தட்டிவிட்டால் அது கிறுகிறுவென்று சுற்றி உலோகத்தைப் பள்ளத்துக்குள் வீசும். அவள் முறையில் மாவு இறுகியதும் வளையம் நேரே கொதிக்கிற சூளைக்குள் போகும், கரண்ட் சுருள் உருக்கும், மெஷின் காற்றை உறிஞ்சி உலோகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பீளமேட்டில் பம்ப் வார்க்கிற அண்ணன் அந்த மெஷினின் விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதையல்லோ மொதல்லயே வாங்கியிருக்கோணும்" என்றான். அவள் வாங்கினாள். புருஷனைக் கேட்கவில்லை. வேன் வந்து வாசலில் நின்று மெஷினை இறக்கியபோது அவன் வெளியே வந்து பார்த்தான். கத்துவான் என்று அவள் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றாள். ஒரு பத்து வார்த்தையாவது தயாராக வைத்திருந்தாள். அவன் மெஷினைச் சுற்றி வந்தான், அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், 'ம்' என்றான். அந்தப் பத்து வார்த்தையும் இன்றுவரை அவள் தொண்டையிலேயே கிடக்கின்றன. அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று ஒருநாள் வக்கீலிடம் சொன்னாள். வக்கீல் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"இது மொதல் கேப்புங்" என்றார் டாக்டர். ஏதோ வந்து உட்கார்ந்தது. அழுத்தினார், பஞ்சுருளை வைத்துக் கடிக்கச் சொன்னார், பிறகு கூர்க்கம்பியை எடுத்துக் கேப்பின் விளிம்பைச் சுற்றித் தடவத் தொடங்கினார். கம்பி எங்கேயாவது தட்டினால் அங்கே இடைவெளி என்று அர்த்தம், இடைவெளி என்றால் சோறு போகும், சொத்தை வரும், கேப் செய்தவன் கையாலாகாதவன். கோகிலவாணி மூச்சை நிறுத்திக் கேட்டாள். வழுவழுவென்று போயிற்று. போயிற்று. ஓரிடத்தில் 'டிக்' என்று இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் அதே இடத்தில் மறுபடி தடவினார். "தலைமுடி அளவுக்கு ஒரு தட்டு. மத்தவங்களுக்கு இதெல்லாம் பாஸுதான், ஆனா நாம இன்னைக்குக் கொடுமைக்காரங்களல்லோ." ரோஸி சிரித்தாள். பிறகு நீலத்தாள். அதைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தால் எங்கே அதிகம் இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். "டக் டக்குனு கடிங்க. அப்புறம் இடப்பக்கம் இழுத்துக் கடிங்க." கடித்தாள். இழுத்தாள். தாடை எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி இடப்பக்கம் போய்த் திரும்பியது. எதிலும் இடிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள், டாக்டர் சொல்லாமலேயே. பல் விரிசல் விட்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. வாய்க்குள் கேப் இருப்பதே தெரியவில்லை. இது என்னுது, என்று அவளுக்குள் யாரோ கை தட்டினார்கள். என்னுதேதான். என் கை எனக்குத் தெரியாதா? அந்தத் தலைமுடித் தட்டு ஊசியின் மயக்கத்தில் டாக்டருக்குத் தோன்றியிருக்கும். ஊசி போட்டது தனக்கல்லவா, டாக்டருக்கு எப்படி மயக்கம் வரும் என்ற கேள்வியை அவள் ஒதுக்கித் தள்ளினாள். அதற்குள் ஓட்டல் ஹாலுக்குப் போய்விட்டாள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஃபேனைப் பார்க்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்து அவள் வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்க்கிறாள். சத்தமாப் பேசுங்கோ, பின்னாடி கேக்கலீங்களாமா. அவன் தோற்றுவிட்டேன் என்று சொல்கிறான். இல்லை, சொல்லவில்லை. 'ம்' என்கிறான். கற்பனையில்கூட அவனைச் சொல்ல வைக்க முடியவில்லை. தூ.

இரண்டாவது கேப் உட்கார்ந்தது. கம்பி சுற்றியது. சத்தமே இல்லை. டாக்டர் மறுசுற்று போனார், மூக்கின் மேல் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு சுற்று போனார். "அடேயப்பா. எங்க பல்லு முடியுது, எங்க கேப்பு ஆரம்பிக்குதுன்னே தெரியலீங். விளிம்பு மொதலாவதை விட ஒருபடி மேல." இவ்வளவு சுத்தமாக அவனால் வார்க்க முடியுமா? அந்தத் தகர டப்பா மாதிரிச் சுற்றுகிற மெஷினிலா? ராத்திரி பூராவும் அடைகாத்து வந்ததுக்குப் பலன் வந்துவிட்டதா? நீலத்தாள் வந்தது. டக் டக். சரியாக இருந்தது. "இடப்பக்கம் இழுத்துக் கடிங்க." இழுத்தாள். நின்றது. தாடை நடு வழியில் படியில் கால் தடுக்கின மாதிரி நின்றது. அப்பாடா! துணிக்கடியில் அவள் முகம் முழுக்கச் சிரித்தாள், பாதி உதடு மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கம்தான் போயிருக்கும். இடிக்கிறது, இடிக்கிறது, விளிம்பை வைத்து என்ன செய்வாய், மகனே. மறுபடி இழுத்தாள். மறுபடி அதே இடம். அந்த இடம். கடைவாய்ப் பல்லின் உள்பக்க மேடு. கூராக, உயரமாக, பாடப் புத்தகப் படத்தில் இருக்கிற மாதிரி ஒரு மேடு. அவள் சிரிப்பு அங்கேயே சிக்கிக்கொண்டது. அந்த மேட்டை யார் அப்படிச் செதுக்குவார்கள்? மெழுகுக் கத்தியைத் தீயில் காட்டி, ஒரு சொட்டு வைத்து, கூர்முனையை இழுத்துவிடுகிற அந்தக் கை. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று. லேபில் பிளாஸ்டர் தாடையைத் திறந்து மூடிப் பார்த்தாள், சரியாக இருந்தது, திருப்தியாக வளையத்தில் வைத்தாள். பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாளா? ஏன் பார்க்க வேண்டும்? சோறு தின்கிற வாய் அவ்வளவு தூரம் பக்கவாட்டில் போகாது. பல்லைக் கடிக்கிறவர்கள் வாய்தான் போகும். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறவர்கள்.

பல் விரிசல் விட்டபோது டாக்டர் கேட்டார், "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?" இல்லீங், ஆட்டெலும்பு கடிச்சுட்டனுங் என்றாள். ஆட்டெலும்பு! அன்றைக்குச் சனிக்கிழமை, அவள் வீட்டில் கறியே எடுப்பதில்லை. பல்லைக் கடிக்கிற பெண் என்றால் வயிற்றில் பூச்சி என்பார்கள், பேய் பிடித்தது என்பார்கள், அம்மா வாயிலேயே போடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே அவன் சொன்னான், "ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கற. இடப்பக்கமா இழுத்து இழுத்து." தட்டை வைத்த வேகத்தில் சாம்பார் சுவரில் தெறித்தது. "பேய் புடிச்சவளையா கட்டிட்டு வந்திருக்கறீங்க? போய் உங்கம்மாகிட்டச் சொல்லுங்க!" அன்றோடு சரி. அதற்கப்புறம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். சூளை பார்க்க எழுந்திருக்கிறேன் என்று விடிகிற வரைக்கும் விழித்துக் கிடந்தானே, படுபாவி, பக்கத்தில் கிடந்து கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறான். எந்தப் பக்கம் இழுக்கிறாள், எவ்வளவு தூரம், எங்கே போய் நிற்கிறாள், எல்லாம். எந்த அச்சிலும் விழாத அளவு அவன் காதில் விழுந்திருக்கிறது. அப்படித் தெரிந்தவன்தான் அந்த மேட்டைத் தேய்த்து இறக்கி வைப்பான். வாய்க்குள் இருப்பதே தெரியாமல் உட்கார்ந்ததே, அந்த முதல் கேப், அது அவனுடையது. இடிக்கிற இதுதான் என்னுடையது. அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. திருட்டு. பச்சைத் திருட்டு. இது வார்ப்பா? இது துல்லியமா? போட்டி வார்ப்புக்குத்தானே, விளிம்பில் என் மெஷின்தானே ஜெயித்தது, அவன் கட்டிலில் கிடந்து பொறுக்கினதைக் கொண்டுவந்து கேப்பில் வைத்திருக்கிறான். எழுந்து கத்த வேண்டும். மைக்கைப் பிடித்துக் கத்த வேண்டும். என்னவென்று? நான் ராத்திரி பல்லைக் கடிப்பேன், அது அவருக்குத் தெரியும் என்றா? ஹால் நிறைய ஆட்கள், வடை, காபி. நினைக்கவே தாடை இறுகியது, கேப் இடித்தது.

டாக்டர் துணியை மூக்குவரை இறக்கினார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "வாணி, எனக்கு ஒரு சங்கடமுங். விளிம்பு பாத்தா ரெண்டாவது. கடி பாத்தா மொதலாவது. உங்க பேச்சுப்படி எது வாயில நிக்குதோ அதுதான். நீங்களே சொல்லுங்க." கூர்க்கம்பியைத் தட்டில் வைத்தார். "ரெண்டாவது எடஞ்சல் ஒண்ணும் பெரிசில்லீங். அந்த மேட்டை ரெண்டு இழுப்பு தேய்ச்சுவுட்டா சரியாயிரும். ஆனா தேய்க்கோணுமான்னு எனக்குத் தெரியோணும். தூக்கத்துல கடிக்காதவங்களுக்கு இந்த மேடு இடிக்கவே இடிக்காது, அதைத் தேய்ச்சா மெல்லுறதுக்குத்தான் நஷ்டம். கடிக்கறவங்களுக்குத் தேய்க்காம ஒட்டுனா உள்ள இருக்கற பல்லு வேரோட பொளந்துரும், அப்புறம் புடுங்கித்தான் போடோணும். அன்னைக்கே கேட்டேன், ஆட்டெலும்புன்னீங்க. இப்பச் சொல்லுங்க, கடிக்கறீங்களா இல்லீங்களா?" கண்ணாடிக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. ரோஸி டப்பாவை எடுக்கப் போனவள் திறந்தபடி விட்டுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் செருப்பின் நுனி தெரிந்தது, பழைய பழுப்புச் செருப்பு, இன்னும் அதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறான். இல்லீங் என்று சொன்னால் போதும், அவள் கேப் அப்படியே ஒட்டும், ஜெயித்தாயிற்று. கொஞ்ச நாளில் பல் பிளக்கும், பிளக்கட்டும், ஒரு பல் போனால் போகிறது. முதல் கேப்பைக் காட்டிவிட்டால் பல் பிழைக்கும். ஆனால் அவனுடையதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அவன் இறக்கிவைத்த சரிவில் ஒவ்வொரு ராத்திரியும் அவனையே நினைத்து வழுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும், அதைவிட அந்த மைக்கே மேல். ஆமாங் என்றால் டாக்டர் தேய்த்துக் கொடுப்பார், பல்லும் நிற்கும், வெற்றியும் நிற்கும், வார்ப்பும் தன்னுடையது என்று நிற்கும். ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் அன்றைக்குச் சாம்பாரோடு சுவரில் எறிந்தாள். அவன் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் போய் எத்தனை நாளாகிவிட்டது, அவன் போன பிறகும் கடிக்கிறாள், முன்னைவிட அதிகமாகக் கடிக்கிறாள், காலையில் கன்னம் வலிக்கிறது, இது ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு என்ன செய்வான்? சிரிப்பானா? சிரிக்கட்டும். தோற்றதற்கு அவனுக்கு அதுவாவது வேண்டுமல்லவா.

"ரெண்டாவது" என்றாள். மரத்துப்போன நாக்கு வார்த்தையைக் கூழாக்கியது, அதனால் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "தேய்ச்சே ஒட்டுங்க டாக்டர். கடிப்பேனுங். தெனமும் கடிப்பேன். இடப்பக்கமா." ரோஸி கையிலிருந்த பஞ்சோடு அப்படியே நின்றாள். டாக்டர் தலையாட்டிவிட்டுத் தேய்க்கிற கல்லைத் தேடினார். கோகிலவாணி கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், செருமலுக்கு, இருமலுக்கு, சிரிப்புக்கு, எதற்காவது. செருமவில்லை. இருமவில்லை. பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், மெல்ல, "ம்" என்றான். அவளுக்கு அது தெரிந்த 'ம்'. மெஷின் இறங்கியபோது கேட்ட 'ம்' இல்லை, அதற்கும் முந்தியது. இருட்டில், பாதித் தூக்கத்தில், பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். சூளையோடு பேசுகிறான் பைத்தியக்காரன் என்று புரண்டு படுத்திருக்கிறாள். சூளை எப்போதும் அடுத்த அறையில்தான் இருந்தது. அவள் பற்கள் ராத்திரியெல்லாம் எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன, அவன் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கோகிலவாணிக்குக் கெட்ட கோபம் வந்தது. அவனைத் திட்ட வாயைத் திறந்தாள், பத்து வார்த்தையும் தயாராக இருந்தன. "அப்படியே தொறந்து வெச்சுக்குங்க" என்று டாக்டர் கல்லை ஓடவிட்டுக் குனிந்தார்.